அப்பாவின் எடையும் அத்தையின் விரலும்

அன்பு மகளுக்கு,

அப்பா இப்போது எத்தனை கிலோ இருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள கடைத் தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள், சொந்த வீட்டுக்காரரின் எடை தெரியாமல் விழிக்கிறேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றபடி இங்கே மூவரும் நலம், அதாவது காய்ச்சல் இருமல் எதுவும் இல்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்" என்பார். செய்தியாக அனுப்பினால் உன் அத்தை என் கைப்பேசியை எடுத்துப் படித்துவிடுவார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அல்லவா, அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்பு என்று அவருக்கு இந்த வயதுக்கு மேல் யார் சொல்லிப் புரியவைப்பது. என் கையெழுத்துதான் இந்த வீட்டில் யாருக்கும் புரியாது, அதனால் கடிதம்.

மூட்டு டாக்டரம்மா சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். அன்று உன் அப்பா தொண்ணூற்றெட்டு கிலோ. "தொண்ணூறுக்குக் கீழ வாங்க சார், ஆபரேஷனுக்குத் தேதி தர்றேன்" என்றார். டிரைவிங் ஸ்கூல் காரில் நாள் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே முட்டியைத் தேய்த்துக்கொண்ட மனிதர், யார் எது சொன்னாலும் உடனே மறுத்துப் பேசுகிறவர், அன்று தலையை மட்டும் ஆட்டினார். "வலியைத் தாங்கிக்குவேன் டாக்டர், படிதான் ஏற முடியல" என்றார். எந்தப் படி என்று டாக்டரம்மா கேட்கவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் வீடு எடுத்துக்கொண்டு, ஜன்னலிலிருந்து ரயில் தெரிகிறது பாருங்கள் என்று வீடியோவில் காட்டினாயே, அந்தப் படிதான். தனக்கு அந்த ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் ரயில் வருகிற நேரம் உன்னிடம் இரண்டு தடவை விசாரித்தார். நாளைதான் டாக்டரம்மாவிடம் மறுபடி போய் எடை காட்ட வேண்டும். நாளை தப்பினால், அடுத்த மாதக் கடைசியில் அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்த் திரும்பி வந்த பிறகுதான், அது அடுத்த வருஷம். இன்னொருவரிடம் போகலாமே என்றால் உன் அப்பா கேட்கமாட்டார். ஒரே ஒரு டாக்டர் பேச்சைத்தான் இதுவரை கேட்டிருக்கிறார், அது இவர்.

ஆக, ஊசி வைத்த எடை மெஷின் ஒன்று வாங்கிக் குளியலறையில் போட்டோம். முதல் வாரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தார். வெள்ளரிக்காய், வேகவைத்த முட்டை, உப்பில்லாத சூப். காலையில் கைக்கடிகாரம், மோதிரம், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, திருடன் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதுபோல மெஷினில் ஏறுவார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். ஊசி தொண்ணூற்றெட்டை விட்டு அசையவே இல்லை. வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. இரண்டாவது வாரம் திடீரென்று ஒருநாள் இரண்டு கிலோ இறங்கியது. முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று யோசித்திருக்கிறார். லைசென்ஸ் எடுத்த சந்தோஷத்தில் ஒரு பெண் வாங்கிக் கொடுத்த கேக்கை, வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தாராம். சில நாள் கழித்து வெறும் வெள்ளரிக்காயோடு இருந்துவிட்டு மறுநாள் ஏறினால் ஊசி மேலே போயிருக்கிறது. மறுபடி கேக், மறுபடி இறக்கம். இப்படி மூன்று நான்கு தடவை நடந்ததும் மனிதர் விஞ்ஞானி ஆகிவிட்டார். "வெள்ளரிக்காய் தண்ணியப் பிடிச்சு வெச்சுக்குதும்மா. கேக்கு உடம்பை ஏமாத்திடுது. உடம்பு என்ன நினைக்குது, ஆஹா இவன் டயட்டுல இல்லன்னு நினைச்சு அசந்துடுது" என்று எனக்கு விளக்கினார். எனக்கு மட்டுமா, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறார். கிளட்சும் கியரும் சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் கேக் பாடம் நடந்திருக்கிறது. அவர்களும் "பிரேக் சார் இளைக்கணும்" என்று நல்ல எண்ணத்தோடு முறைவைத்து வாங்கி வந்தார்கள். போன வியாழக்கிழமை ஊசி எண்பத்தொன்பதைக் காட்டியது. துண்டோடு கூடத்துக்கு ஓடிவந்து கத்தினார். அதோடு, பரீட்சைக்கு முந்தி பேப்பரைத் திருத்தக் கூடாது என்று என்னமோ ஒரு நியாயம் சொல்லி, டாக்டரைப் பார்க்கும்வரை மெஷினில் ஏறப்போவதில்லை என்று சபதம் செய்துவிட்டார்.

நான் இதை நம்பினேனா என்று கேட்பாய். கேக் சாப்பிட்டு யாரும் இளைத்ததாக நான் படித்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளரிக்காய் நாட்களில் பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவுக்கும் நாற்காலிக்கும் நடையாய் நடப்பார், நடந்து முடிக்கும்போது டப்பாவில் தூள்தான் மிஞ்சும். கேக் நாட்களில் ஒரு துண்டோடு திருப்தியாகி, இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே தெருவில் நாலு சுற்று நடந்துவிட்டு வருவார். சாப்பிடக் கூடாது என்றால் டப்பாவே போதவில்லை, சாப்பிடலாம் என்றால் ஒரு துண்டு போதுமாக இருக்கிறது. இதற்குக் காரணம் எனக்குத் தெரியாது, ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது, அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இன்று மதியம் துணி ஊறவைக்கக் குளியலறைக்குப் போனால், உன் அத்தை மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அடியில் இருக்கும் குட்டிச் சக்கரத்தை ஒற்றை விரலால் திருகிக்கொண்டிருக்கிறார். ஊசியைப் பூஜ்யத்தில் நிறுத்துவதற்கான சக்கரம் அது. என்ன அண்ணி இது என்றேன். கொஞ்சமும் பதறவில்லை. "நாளைக்குக் கிளம்பறப்ப மனசு கேக்காம ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டான்னா? அதான் இன்னும் கொஞ்சம் இறக்கி வெக்கிறேன்" என்றார். எத்தனை நாளாக நடக்கிறது என்றேன். "முதல் வாரம் அவன் மூஞ்சியப் பார்த்தியே, பால் மறந்த புள்ள மாதிரி. நாலு நாள் பட்டினி கிடந்தவனுக்கு ஒரு ரெண்டு கிலோ குடுக்கக் கூடாதா? ஆனா இந்த மெஷின் சரியில்லம்மா. நான் இறக்கி வெச்சா, அது பாட்டுக்குத் திரும்ப ஏறிக்குது. ஐயோ நெசமாவே குண்டாயிட்டே போறானேன்னு பயந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவே இறக்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஏற்றிவிட்டது நான்தான். குளியலறை கழுவும்போதெல்லாம் ஊசி பூஜ்யத்துக்குக் கீழே நிற்பதைப் பார்ப்பேன். மலிவு மெஷின், ஈரத்தில் நகர்கிறது என்று நினைத்துக்கொண்டு, திருகி நேராக வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வேலை பூஜ்யம் பார்ப்பது, கை அதுவாகப் போய்விடுகிறது. இதை ஒரு செய்தி என்று யாரிடம் போய்ச் சொல்வது? நான் திருத்திய மறுநாள் உன் அப்பா ஏறினால் ஏற்றம், அத்தை திருகிய மறுநாள் ஏறினால் இறக்கம். நடுவில் கேக்குக்குப் பேர், வெள்ளரிக்காய்க்குப் பழி. சொன்னதும் அத்தை என் மேல் பாய்ந்துவிட்டார். "நீதானா அது! ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது? என் தம்பிக்கு ஏதோ வியாதின்னு நான் தூக்கமில்லாம கிடக்கேன்!" என்கிறார். ஒரு கடைக்காரன் இப்படிச் செய்தால் மெஷினைப் பறிமுதல் பண்ணிவிடுவேன் தெரியுமா என்றேன். "கடைக்காரன் காசுக்குப் பண்றான், நான் பாசத்துக்குப் பண்றேன். பறிமுதல் பண்ணிக்கோ, போ" என்று மெஷினை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

இதுதான் நிலைமை. எண்பத்தொன்பது என்று காட்டிய அன்று ஊசி எவ்வளவு கீழே இருந்தது என்று அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரியாக வைத்து ஏறச் சொல்லலாம் என்றால் ஏறமாட்டேன் என்கிறார். எங்கள் ஆபீசில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தேன், "நான் என்ன வெங்காயமா?" என்று கேட்டுவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார், நாளைக்கு. இப்போதே சொல்லி இன்றைய சந்தோஷத்தைக் கெடுப்பதா, சொல்லாமல் நாளை டாக்டர் முன்னால் முழிக்கவிடுவதா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. அத்தையைக் கேட்டால் சொல்லாதே என்பார், அதனால் கேட்கவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்காதே என்று சொன்னாய், கேட்கவில்லை. அத்தை வீடியோவில் "என்னடி, கன்னமெல்லாம் உப்பியிருக்கு" என்றதும் நீ படத்தை அணைத்துவிட்டதை நான் பார்த்தேன். அவர் எல்லோரையும் அப்படித்தான் வரவேற்கிறார், போன மாதம் இளைத்துவிட்டாய் என்று அழுததும் அவர்தான், இரண்டையும் கூட்டிக் கழித்தால் நீ இருந்தபடிதான் இருக்கிறாய். கைப்பேசியில் கலோரி கணக்கு எழுதுகிறாயாமே. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் எடையிலேயே கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது, அதைச் சோதிப்பது என் வேலை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீ ஒற்றை இலக்கம்வரை கணக்குப் பார்த்து இரவு பட்டினி படுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றது உன் இஷ்டம்.

ஆபரேஷனுக்கென்று லீவு இன்னும் எழுதிக் கொடுக்காதே, டிக்கெட்டும் எடுக்காதே, நாளைய நிலவரம் தெரிந்த பிறகு பார்க்கலாம். குளிருக்கு அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போடு, அலமாரியில் வைப்பதற்காக நான் பின்னவில்லை. உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

மறுநாள், மாலை.

உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியதும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின் சீட்டில் அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் அப்பா ஸ்டியரிங்கை விடாமல், "அப்போ கேக்கு?" என்றார். கேக் கேக்தாங்க என்றேன். "அநியாயமா வெள்ளரிக்காய் மேல பழி போட்டுட்டேனே" என்றார். பிறகு, திரும்பிப் போய்விடலாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஷூ பாலிஷ் வீணாகும் என்று சொல்லி இறக்கிக் கூட்டிப் போனேன்.

உள்ளே கடிகாரம், பெல்ட், ஷூ என்று வரிசையாகக் கழற்றி, சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது நர்ஸ் தடுத்துவிட்டார். தொண்ணூற்று மூன்று கிலோ இருநூறு. "இந்த மெஷின் தப்பு, இதோ இவ ஆபீசர், பார்க்கச் சொல்லுங்க" என்றார் அத்தை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், உன் அப்பாவும் பார்த்தார். குனிந்து பார்த்தேன். முத்திரை இந்த வருஷத்தது, பூஜ்யம் சரி, மட்டம் சரி. மெஷின் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். சொன்ன பிறகு உன் அப்பா பக்கம் திரும்பவில்லை.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்துவிட்டு நன்றாகச் சிரித்தார். "எனக்கு வேண்டியது தொண்ணூத்தஞ்சுதான் சார். அதைச் சொல்லியிருந்தா நீங்க தொண்ணூத்தேழுல வந்து நின்னுருப்பீங்க. நான் எல்லாருக்குமே அஞ்சு குறைச்சுத்தான் சொல்றது" என்றார். அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. தேதி கொடுத்துவிட்டார், அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை, நீ லீவு எழுதிக் கொடுத்துவிடலாம். நாலு மாடி எப்போது ஏறலாம் என்று உன் அப்பா கேட்டார். மூணு மாசம் கழித்து, மெதுவாக, என்றார். உன் அப்பா ஷூவை மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது, கயிற்றைக் கட்டத் தெரியாதவர் மாதிரி குனிந்தே இருந்தார்.

அந்த நேரத்தில் அத்தை, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதே மெஷினில் ஏறிவிட்டார். எண்ணைப் பார்த்ததும் பொட்டென்று இறங்கி, "நான் அப்பவே சொன்னேன், இது சரியில்லன்னு" என்றார். உன் அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி சிரிப்பு. "நீயும் ஏறும்மா, ஆபீசர் எடையையும் பார்ப்போம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நர்ஸ்கூட வழிவிட்டு நின்றார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். இன்று முழுநாளும் எனக்கு லீவு.

அம்மா