இழுவை வண்டி விஷயமாக

புதுச்சேரி,
3-4-1957

அன்புள்ள சந்திரா,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. இப்போதும் ஒரு காரியம் வேண்டித்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாகக் கோபித்துக்கொள். உன் மகள் பார்வதி பள்ளி இறுதிப் பரீட்சை எப்படி எழுதினாள்?

ஊரைவிட்டுப் போன பிரெஞ்சு எஞ்சினியர் ஒருவர் தன்னுடைய சக்கர வீட்டை எங்கள் மாதர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ‘ரூலோத்’ என்பார் அதை. இரண்டு சக்கரத்தின்மேல் ஒரு தகர அறை. உள்ளே இரண்டு கட்டில், அலமாரி, கைகழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரைகூட உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. ஒரு வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போக வேண்டும். இரண்டு வருஷமாக என் டிஸ்பென்சரி கொல்லையில் நிற்கிறது. கோழிகள் குடியிருக்கின்றன.

போன ஐப்பசியில் பாகூர்ப் பக்கம் ஒரு பிரசவ கேஸ். கடைசி பஸ்ஸை விடக்கூடாதென்று நானும் நர்ஸ் அன்னக்கிளியும் பாதியில் கிளம்பி வந்துவிட்டோம். மறுநாள் போனபோது தாயும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்த வீட்டார் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உட்காரப் பாய் போட்டார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இனி கிராமத்துக்குப் போனால் தங்குவது என்று தீர்மானித்துவிட்டேன். தவளக்குப்பம், பாகூர், காலாப்பட்டு, வாரத்துக்கு ஓர் ஊர். அதற்கு அந்த வீட்டை இழுக்கப் பழைய பிக்கப் வண்டி ஒன்று வேண்டும்.

இங்கே மண்ணாங்கட்டி என்று ஒரு தரகர் ராணுவத்தில் ஏலம் விட்ட ஜீப் ஒன்றைக் காட்டினார். “டாக்டரம்மா, இது யானை மாதிரி” என்றார். “யானையக் கிளப்ப ஏன்யா ரெண்டு பேர் தள்றாங்க?” என்று கேட்டாள் அன்னக்கிளி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொன்று பிரெஞ்சு வண்டி; நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் உதிரி பாகம் வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும்.

உன் வீட்டுக்காரர் இருபது வருஷமாகப் பழைய மோட்டார் வியாபாரம் செய்கிறவர். எதைப் பார்த்து வாங்க வேண்டுமென்று கேட்டு எழுது. இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல் அவர்தான் முதலில் பிரித்துப் படிப்பார் என்பதால், அவருக்கு என் வணக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உன்,
அஞ்சலாட்சி

---

கோயமுத்தூர்,
14-4-1957

அன்புள்ள அஞ்சலை,

உன் வணக்கத்தைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

“அம்முணி, டாக்டரம்மாவுக்கு எளுது. வர்ணத்தப் பாத்து வண்டி வாங்காதீங்க. காலைல எஞ்சின் சில்லுனு இருக்கறப்பப் போயி நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. விக்கறவன் முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருந்தா, திரும்பி வந்துருங்க. பொகை நீலமா வந்தா வேண்டாம். மேட்டுல நிறுத்தி, கிளச்ச விட்டுப் பாருங்க. ரேடியேட்டர் மூடியத் தெறந்தா எண்ணெ மெதக்கக் கூடாது. பின்னால வீட்ட மாட்டறதுன்னா, இழுவையக் காட்டிலும் பிரேக்குத்தான் முக்கியமுங்க.”

இவ்வளவு சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, “நம்மகிட்டயே ஒண்ணு இருக்குதே. ஊரெல்லாம் எதுக்கு அலையோணும்?” என்றார். அமெரிக்க பிக்கப், நாற்பத்தெட்டாம் வருஷத்தியது. எஞ்சின் கடைந்து புதுப்பித்தது. நான்கு டயரும் புதிது. கொக்கியும் அவரே போட்டுத் தருவாராம். டாக்டரம்மா என்பதால் லாபம் வைக்கமாட்டேன் என்று எழுதச் சொல்கிறார்.

பார்வதி பரீட்சை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். உன்னைப் போல டாக்டருக்குப் படிக்க வேண்டுமாம். சென்னையில் காலேஜில் சேர்க்க அவரும் பாதி மனதாகச் சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
சந்திரகலா

---

புதுச்சேரி,
27-4-1957

அன்புள்ள சந்திரா,

உன் கடிதத்தைச் சங்கத்தில் உரக்கப் படித்தேன். ஒரே கைதட்டல். பெண்கள் கூட்டத்தில் உன் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு பெயர் கிடைக்குமென்று நினைத்தே இருக்கமாட்டார்.

டிரைவர் ஒருவரும் கிடைத்துவிட்டார். ஆதிமூலம் என்று பெயர், முன்பு மில் லாரி ஓட்டியவர். ஒரு லாரியை இரவல் வாங்கிச் சக்கர வீட்டை மாட்டித் தவளக்குப்பம்வரை போய்ப் பார்த்தோம். ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்து பிரேக் போட்டபோது வீடு எங்களை முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். “பயப்படாதீங்கம்மா. இழுக்கறது யாரு வேணா இழுத்துருவாங்க. நிறுத்தும்போதுதான் இது பின்னாலருந்து இடிக்கும். வண்டி ஒடம்பு கெட்டியா இருக்கணும், அவ்ளோதான்” என்றார் ஆதிமூலம்.

எல்லாம் சொல்லியாயிற்று, இனி யோசிக்க ஒன்றுமில்லை. பதினைந்தாம் தேதி நானும் ஆதிமூலமும் ரயிலேறி வருகிறோம். உன்னைப் பார்த்து ஆறு வருஷமாகிறது என்று கணக்குப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசிவிட்டு வண்டியிலேயே திரும்பிவிடுவோம்.

உன்,
அஞ்சலாட்சி

---

பொள்ளாச்சி,
5-5-1957

அஞ்சலை,

அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். அக்கா கையால் தபாலில் போகிறது.

அந்த வண்டியை வாங்காதே.

தை மாதம் குன்னூர் மலைப்பாதையில் அது உருண்டு விழுந்தது. ஓட்டியவன் இறந்துவிட்டான். சங்கிலி கட்டி எங்கள் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். துவைக்கிற கல்லில் நின்றால் ஷெட் தெரியும். அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு ஒரு பக்கம் பிளந்திருந்தது. மூன்று நாள் வெல்டிங் வைத்தார்கள். கடைசி நாள் வெல்டிங் ஆள் இவரிடம், “பின்னால பாரந் தொங்குச்சுன்னா இது நிக்காதுங்க” என்றான். “அது பாரம் ஏத்தறவன் பாடு” என்றார் இவர். பிறகு மேலே தார் பூசி, வர்ணம் அடித்துவிட்டார்கள்.

உனக்கு எழுதச் சொன்ன சோதனைகளில் ஒன்று மட்டும் இல்லை என்பதை எழுதும்போதே கவனித்தேன். எல்லோருக்கும் முதலில் சொல்கிற சோதனை அது: வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள் என்பது. அவர் அதைச் சொல்லாமல் விட்டார். நானும் கேட்காமல் எழுதினேன். 

வேறு ஏதாவது காரணம் சொல்லி வேண்டாமென்று எழுதிவிடு. என் பெயர் வரக்கூடாது. அவர் அடிக்கிறவர் அல்ல, உனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் இருக்கும் ஒரே ஆசை எதுவென்று அவருக்கும் தெரியும். பார்வதியின் காலேஜ் விண்ணப்பப் பாரத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே.

சந்திரா

---

புதுச்சேரி,
12-5-1957

அன்புள்ள சந்திரா,

உன் வீட்டுக்காரரிடம் என் சார்பாக மன்னிப்புக் கேட்டுச் சொல். எங்கள் சங்கத் தலைவி திடீரென்று உள்ளூர் வண்டிதான் வாங்க வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறார். கோயமுத்தூர் வண்டி பழுதானால் யாரைப் போய்க் கேட்பது என்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அந்த மண்ணாங்கட்டியின் ஜீப்பையே ஆதிமூலம் பிரித்துப் போட்டுச் சரிசெய்வதென்று முடிவாயிற்று. ஆகையால் பதினைந்தாம் தேதி நாங்கள் வரவில்லை.

இங்கே வெயில் கடுமை. அங்கே மலைக்காற்று வரும், கொடுத்துவைத்தவள் நீ.

பார்வதிக்கு என் ஆசிகள்.

அஞ்சலாட்சி

---

கோயமுத்தூர்,
2-6-1957

அன்புள்ள அஞ்சலை,

நலம். நீ வண்டி வேண்டாமென்று எழுதியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “படிச்ச பொம்பளைக கூட்டம் சேந்தா இப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார். அவர் எழுதச் சொல்வதாவது: உங்களுக்காகக் காத்திருக்காமல் வண்டி நல்லபடியாகப் போய்விட்டது. உடுமலையில் பள்ளிக்கூட மானேஜர் சுப்பிரமணியன் என்பவர் வாங்கிக்கொண்டார். பின்னால் கூண்டு கட்டிப் பெஞ்சு போட்டு, சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து இருபது பிள்ளைகளை ஏற்றி வரப்போகிறார். பள்ளிக்கூடம் பதினேழாம் தேதி திறக்கிறது.

பார்வதி தேறிவிட்டாள். பள்ளியில் அவள்தான் முதல். காலேஜ் பாரத்தை நிரப்பி மேஜைமேல் வைத்திருக்கிறாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அன்புடன்,
சந்திரகலா

---

புதுச்சேரி,
10-6-1957

(பொள்ளாச்சி அக்கா விலாசத்துக்கு)

என் சந்திரா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்காவிடமிருந்து இது உன் கைக்கு வருவதற்குள் நடக்க வேண்டியது நடந்திருக்கும்.

உன் இரண்டாம் தேதிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனென்று தெரியாது. பெயர், ஊர், எத்தனை பிள்ளைகள், திறக்கிற தேதி, எல்லாம் இருந்தன. ஒரு வண்டி விற்ற சேதிக்கு இவ்வளவு எதற்கு? உன்னால் செய்ய முடியாததை நான் செய்ய வேண்டுமென்றுதான் எழுதினாயா? இல்லை, அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாயா? உன்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் இல்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்: கேட்டால் நீ வேண்டாமென்பாயோ என்று பயந்தும் கேட்கவில்லை.

நாலு நாள் யோசித்தேன். கையெழுத்தில்லாமல் ஒரு கார்டு போடலாமென்று எழுதியும் பார்த்தேன். அந்த மானேஜர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். வியாபாரப் பொறாமைக்காரன் எவனோ எழுதியிருக்கிறான் என்று கிழித்துப்போட்டுவிடுவேன். ஆகவே டிஸ்பென்சரி முத்திரை வைத்து, என் பெயர் போட்டு, வண்டிக்கு அடியில் பட்டறைக்காரரை வைத்துத் தாரைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லி இன்று காலை ரிஜிஸ்டர் தபாலில் சுப்பிரமணியனுக்கு எழுதிவிட்டேன். யார் சொல்லி எனக்குத் தெரியுமென்று எழுதவில்லை. ஆனால் அவர் உன் வீட்டுக்காரரிடம் போய் என் பெயரைச் சொன்னால், எனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். அது தெரிந்தேதான் தபாலில் சேர்த்தேன்.

பாகூரில் நான் பஸ்ஸுக்காகக் கிளம்பி வந்ததை எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் வாய் மூடி இருந்திருந்தால் அதையேதான் மறுபடி செய்திருப்பேன். இதை என் நியாயமாகச் சொல்லவில்லை. என் மனசாட்சிக்கு விலையை உன் வீட்டில் கொடுக்கச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது.

பார்வதியை இங்கே அனுப்பு. என் வீட்டில் இருக்கட்டும். காலேஜோ மருத்துவமோ, முழுதும் நான் படிக்கவைக்கிறேன். இதைத் தர்மமாகச் சொல்லவில்லை, மன்றாடிச் சொல்கிறேன்.

திட்டியாவது எழுது.

அஞ்சலை

---

கோயமுத்தூர்,
9-7-1957

அஞ்சலாட்சிக்கு,

சுப்பிரமணியன் போன மாதம் பதினைந்தாம் தேதி வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. “எம்பட பள்ளிக்கூடத்துப் புள்ளைகளக் கொல்லப் பாத்தயே, நீ நல்லா இருப்பயா?” என்று கத்தினார். உன் கடிதத்தையும் தூக்கிக் காட்டினார்.

அவர் போன பிறகு இவர் உள்ளே வந்து, “நீ எளுதுனயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சுலபமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. அவர் மேஜைமேல் இருந்த காலேஜ் பாரத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, வர்ணக்காரனுக்கு என்னென்ன வாங்கி வர வேண்டுமென்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். வண்டி இப்போது பச்சை நிறமாகிவிட்டது. அதை யார் வாங்குவார்களென்று இனி எனக்குத் தெரியவராது. ஆகவே உனக்கும் தெரியாது.

பார்வதிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். புதுச்சேரிக்கு அனுப்பும் பேச்சை நான் எடுத்தேன். மறுநாளே நிச்சயம் செய்துவிட்டார்.

வேண்டுமென்றுதான் அப்படி எழுதினாயா என்று கேட்டிருந்தாய். அவர் சொன்னது ‘பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது’ என்பது வரைக்கும்தான். மானேஜர் பேரும் ஊரும் இருபது பிள்ளைகளும் திறக்கிற தேதியும் நானாகச் சேர்த்தவை. கடிதத்தை வாசித்துப் பார்த்தவருக்கு அது தவறாகப் படவில்லை. எழுதும்போது என்ன நினைத்தேன் என்று கேட்டால், சேதிதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. பாரமும் கையெழுத்தாகும், பிள்ளைகளும் பிழைப்பார்கள், பழி உன்னோடு போகும் என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆகவே உன்மேல் எனக்குக் கோபமில்லை. உன்னை நினைத்தால் என் முகம்தான் தெரிகிறது. அதனால்தான் இனி முடியாது.

எல்லாவற்றையும் பார்வதியிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை.  “டாக்டர் பெரியம்மா செஞ்சது செரிதான் அம்மா. அந்த இருவது பேருக்கு முன்னால எம்படிப்பு பெருசில்ல. ஆனா நீங்க ரெண்டு பேரும் எம்படிப்ப எடுத்துத்தான குடுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமில்ல? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்” என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் அவளுக்கு எழுது. முகூர்த்தம் வரை பொள்ளாச்சியில் அக்கா வீட்டில்தான் இருப்பாள். இந்தக் கடிதமும் அவள் கையால்தான் அங்கிருந்து தபாலில் போகிறது.

எனக்கு எழுத வேண்டாம்.

சந்திரகலா