அலுமினியக் கட்டையும் பேத்தியின் கழுத்தும்

ஜூலை 4
பேத்தியோடு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனேன். தோளிலும் கன்னத்திலும் படுகிற கட்டைக்கு ஸ்டாக் என்று பெயராம். இவள் இதுவரை சுட்டதெல்லாம் மரத்தில். இன்று கோச் அலுமினியத்தில் ஒன்று கொடுத்தார். போன வருடம் அணியில் இருந்த பெண் வைத்திருந்தது. மாதக் கடைசியில் அணித் தேர்வு. அதற்குள் மரமா, அலுமினியமா என்று முடிவு செய்ய வேண்டும்.

மரக்கட்டை எவ்வளவு லட்சணம்! இது எலும்புக்கூடு. சொன்னேன்.

"நீ என்ன பாட்டி, பொண்ணு பார்க்கவா வந்திருக்க?" என்றாள். வாய் அப்படியே என்னுடையது.

ஜூலை 7
மழை. மரம் ஈரத்துக்கு லேசாக ஊதுமாம், குண்டு இடம் மாறி விழுமாம். அலுமினியம் அசையாதாம். ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை. ஆனால் எங்கள் குளியலறைக் கதவும் காலையிலிருந்து சாத்த மாட்டேன் என்கிறதே.

ஜூலை 12
அலுமினியத்தில் சுட்டது படுமோசம். ஒரு குண்டும் நடுவில் இல்லை. சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள்.

"பேசாம மரத்துக்கே போயிடேன்டி."

"தேர்வு அன்னிக்கு மழை பெஞ்சா?"

அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

ஜூலை 13
கழுத்து வலி என்றாள். ஒத்தடம் கொடுத்தேன். அசையாமல் நிற்கிற விளையாட்டில் இவ்வளவு வலியா?

ஜூலை 16
இன்று நானும் கிளப்புக்குப் போயிருந்தேன். அவள் சுடுவதைக் கோச் பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"ஏம்மா, கட்டையைத் தேடிக் கழுத்தை நீட்டுற? கட்டைதானே உன்கிட்ட வரணும்?"

அலுமினியத்தில் கன்னம் வைக்கிற தகடு, தோளில் முட்டுகிற தகடு எல்லாவற்றுக்கும் திருகு இருக்கிறது. தளர்த்தி நம் அளவுக்கு வைக்கலாம். முன்னால் வைத்திருந்தவள் நெட்டைப் பெண். இவள் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை!

"அந்த அக்கா வச்சது சார். அடுத்தவங்க பொருளை இருந்தது இருந்தபடி வைக்கணும்னு பாட்டி..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

கோச் சிரித்துவிட்டார். "நல்ல வளர்ப்புதான் பாட்டி. ஆனா திருப்புறதுக்குத்தானே திருகு வச்சிருக்கான்? மரம்னா செதுக்கணும், இல்ல நாம வளையணும்."

"நான் வளைஞ்சுட்டேன்" என்றாள் இவள், கழுத்தைத் தடவிக்கொண்டே.

திருப்புளியைக் கையில் வாங்கிய பிறகும் என் முகத்தையே பார்த்தாள். பைத்தியம்!

"திருப்புடி. நல்லாத் திருப்பு" என்றேன்.

ஜூலை 18
கழுத்து வலி இல்லையாம்.

ஜூலை 23
குறி வைத்துச் சுட்ட அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். நடுவில் ஒரே ஓட்டை, விளிம்பு கிழிந்து.

"ஒன்னுதான் சுட்டியா?"

"பத்து, பாட்டி."

அட்டையை வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிவிட்டு வந்தேன். சும்மாதான்.

ஜூலை 30
நாளைக்குத் தேர்வு. வானம் மூடிக்கிடக்கிறது. பெய்தால் பெய்யட்டும்.

ஆகஸ்ட் 6
அணிச் சட்டை வந்தது. முதுகில் அவள் பெயர், பெரிய எழுத்தில். கூட்டிக் கூட்டிப் படித்தேன், பிறகு சத்தமாக இன்னொரு தடவை. கைதான் அவளுக்கு நீளம், விரலெல்லாம் உள்ளே போய்விட்டது.

"குடுத்தபடியே போட்டுக்கவா பாட்டி?" என்று கேட்கிறாள். கொழுப்பு!

கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.