அரை மணி முந்தி ஓடிய கடிகாரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உன் மகள் நர்சிங் பரீட்சை எழுதிவிட்டாள். கொஞ்சம் தவறியிருந்தால் எழுதாமலே திரும்பியிருப்பாள். அதை உன்னிடம் சொன்னால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

நம் கூடத்துக் கடிகாரத்தை நான் ஏன் முந்தி வைத்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் பாட்டிக்கு நிழல்தான் மணி. சுவர் நிழல் துவைக்கிற கல்லைத் தொட்டால் உலை வைப்பாள். பிறகு மில் சங்கு வந்தது, அப்புறம் இந்தப் பெண்டுலக் கடிகாரம். அது வந்த வாரமே உன் அப்பா தாமதமாகப் போய், மில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். "கடிகாரம் வாங்கித் தந்தும் மணி பார்க்கத் துப்பில்லையாடி உனக்கு?" என்று உன் பாட்டி தெருவே கேட்க என்னை ஏசினாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்தப் பேச்சு போகவில்லை. அன்றைக்கே முள்ளை அரை மணி முன்னால் தள்ளி வைத்தேன். வீட்டில் எல்லோரும் அந்த அரை மணியைக் கழித்துத்தான் மணி பார்ப்போம்.

போன வருடம் விருந்தாளிகள் முன்னால் உன் மனைவி, "எங்க அத்தை கடிகாரம் பொய்தான் சொல்லும்" என்று சிரித்தாள். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். பரீட்சைக்கு முந்தின நாள், பிள்ளை குழம்பக் கூடாதென்று முள்ளைச் சரியாகத் திருப்பியிருக்கிறாள். அதைச் சொல்லப் பிள்ளை தூங்கிவிட்டது, என்னிடம்தான் பேச்சில்லையே. படிப்பு கெடுமென்று பிள்ளையின் செல்போனையும் பீரோவில் பூட்டிவிட்டு, விடிவதற்குள் பேக்கரி வேலைக்குப் போய்விட்டாள்.

காலையில் பிள்ளை, வழக்கம்போல் அரை மணியைக் கழித்துப் பார்த்து, "இன்னும் அரை மணி இருக்கு பாட்டி" என்று காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் பால்கனிக்குப் போனேன். கம்பி நிழல் தண்ணீர் டிரம்மை விட்டு இறங்கியிருந்தது. பள்ளி வேன் போன பிறகுதான் அது இறங்கும். "எழுந்திருடி, கடிகாரத்தை யாரோ தொட்டிருக்காங்க" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் பல் தேய்த்த வாயோடு வண்டியை எடுத்தார். பரீட்சை ஹால் கேட்டைப் பாதி சாத்தியிருக்கும்போது பிள்ளை உள்ளே நுழைந்தாளாம்.

விஷயம் தெரிந்ததும் உன் மனைவி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். என்ன செய்வது, நான்தான் வாயைத் திறந்தேன். "தொட்டா சொல்லிட்டுத் தொடு" என்றேன். "சரி அத்தை" என்றாள். விருந்தாளிகள் முன்னால் சிரித்ததை மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஆனால் இப்போது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவள்தான். முள்ளும் சரியாகவே ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ வருகிறேன் என்று எழுதும் தேதியோடும் நாங்கள் இரண்டு மாதம் கூட்டித்தான் வைத்துக்கொள்கிறோம். நன்றாயிரு மகனே. இந்தத் தடவை, சொன்ன நாளில் வந்து நில்.

உன் அம்மா