இசக்கித்துரை பஸ் ஏறிய வரலாறு

கரிவலம்வந்தநல்லூர்,
ஆவணி 8, ஞாயிறு.

எடின்பரோ மாநகரில் எலிகளுக்கெல்லாம் பேரரசியாக வீற்றிருக்கும் அருமை மருமகள் ஆவுடைச்செல்விக்கு, உன் அம்மாவின் ஒரே அண்ணனும் மூன்று தாலுகாவில் தனக்கு நிகரில்லாதவனுமான சங்கரலிங்க மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் நலமும் உன் எலிகளின் நலமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் தம்பி பேரை எடுத்த மறுநொடி, "நெட்வொர்க் சரியில்ல மாமா" என்று சொல்லிவிடுகிறாய். ஆறு வருஷமாக இதே கதை. நிலாவுக்குப் போனவனோடு பேச முடிகிறது. இசக்கித்துரை என்ற பேர் மட்டும் கடல் தாண்ட மாட்டேன் என்கிறது. கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். கிழித்தால் இன்னொன்று வரும். கட்டுக்கட்டாகக் காகிதம் வாங்கி வைத்திருக்கிறேன்.

வெற்றிச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி கரிவலத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குத் தன்னந்தனியாகப் பஸ் ஏறிப் போனான். சும்மா போகவில்லை, வேலைக்குப் போனான். இன்றோடு இரண்டு வாரம். மனிதன் நிலாவில் கால் வைத்ததை உலகம் கொண்டாடியது. அங்கே பஸ் கூட்டம் கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வேலை ஜெபசிங் அண்ணாச்சியின் பேக்கரியில். அங்கே கருத்தப்பாண்டி என்று ஒரு மாஸ்டர் இருக்கிறார். கை தங்கம், காதில் எந்நேரமும் போன். ரஸ்க்கை அடுப்புக்குள் தள்ளிவிட்டு மச்சினனோடு பேச ஆரம்பித்தால், கரிந்த வாடை மேலநீலிதநல்லூர் வரைக்கும் போகும். சங்கரன்கோவில் ஜனங்கள் ரஸ்க்கின் நிறமே கறுப்பு என்று பத்து வருஷமாக நம்பியிருந்தார்கள். இசக்கித்துரைக்கு நேரம் தப்பினால் உயிரே போய்விடும் என்பது உனக்குத் தெரியும். எட்டு மணி இட்லி எட்டு ஐந்துக்கு வந்தால் தொட மாட்டான். அவனை அடுப்புப் பக்கம் நிறுத்தினால் என்ன என்று நான்தான் அண்ணாச்சியிடம் கேட்டேன். அண்ணாச்சி யோசித்து, "வே சங்கரலிங்கம், பையன் வரட்டும். ஆனா தனியா வரணும். அம்மையக் கூட்டிக்கிட்டு வந்து உக்கார வச்சா இங்கன ஒருத்தனும் அவன வேலைக்காரனா மதிக்க மாட்டான். பாவம்னு பாப்பானுவ" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் உன் அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு மாதம் அவள் கூடவே போய் வந்து பழக்கினாள். காலை ஒன்பது பத்துக்குப் பஸ். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். டிக்கெட்டை வலது பையில் வைக்க வேண்டும். இறங்கியதும் கடிகாரக் கடையை ஒட்டி நடை. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த அடுத்த திங்கட்கிழமை, அரங்கேற்றம். உன் அப்பா, வேலையே இல்லாத தோட்டத்துக்கு அவசர வேலை என்று ஓடிவிட்டார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவனுக்குத் தெரியாமப் பின்னால போ" என்றாள்.

போனேன். எப்படிப் போனேன் தெரியுமா? தலையில் முண்டாசு, முகத்தில் பாதிக்குத் துண்டு, கண்ணில் என் மகனுடைய கூலிங் கிளாஸ், காலுக்குக் கீழே என் டிவிஎஸ் வண்டி. பெற்ற தாய் எதிரே வந்தாலும் யாரோ வடநாட்டுக் கொள்ளைக்காரன் என்று ஒதுங்கியிருப்பாள். அப்படி ஒரு மாறுவேடம் தென்காசி மாவட்டம் பிரிந்த நாளிலிருந்து யாரும் போட்டதில்லை.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. என்ஜினிலிருந்து புகை. எல்லாரையும் இறக்கிவிட்டு, "அடுத்த வண்டியில ஏறிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார் கண்டக்டர். ஒரு மாதம் பழக்கிய பாடத்தில் இது இல்லை. அடுத்து வந்த பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் ஆள். எல்லாரும் முட்டி மோதி ஏறினார்கள். இவன் ஏறவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான்.

நான் நூறு அடி தள்ளி ஒரு சுமைதாங்கிக் கல்லுக்குப் பின்னால் நின்றேன். செல்வி, உன் மாமாவுக்குத் தெரியாத வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா நிற்பது. ஊரில் எந்தச் சண்டையிலும் என் தலை இல்லாமல் போனதில்லை. கால் துடிக்கிறது. ஓடிப்போய்த் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். போனால் உன் அம்மா கும்பிடுவாள். ஆனால் வேலை போய்விடும். அதோடு இனி அவனை யாரும் தனியாக அனுப்பவும் மாட்டார்கள். இரண்டாவது பஸ் வந்தது, போனது. அவன் எழுந்திருக்கவில்லை. நான் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கல்லில் என் விரல் தடம் பதிந்திருக்கிறது; நீ வந்தால் காட்டுகிறேன்.

மூன்றாவது பஸ்ஸில் இடம் இருந்தது. அவன் எழுந்தான். பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, நேராக என் பக்கம் பார்த்து, "மாமா, வெயில்ல நிக்காதிய. வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. நான் போயிக்கிடுவேன்" என்றான்.

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. முண்டாசையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். தூசி விழுந்தது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

இப்போது பேக்கரியில் ரஸ்க் பொன்னிறமாக வருகிறது. "என்னவே, இது வேற கடைச் சரக்கா?" என்று சந்தேகப்பட்டு இரண்டு பேர் திருப்பிக் கொடுத்தார்களாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் எழுத மாட்டேன். முதல் வாரம் மாவு பிசையும் மெஷின் சத்தம் தாங்காமல் கையைக் கடித்துக்கொண்டான். அண்ணாச்சி காதுக்கு மூடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கருத்தப்பாண்டி ஒரு நாள், "ஏலே, எங்கிட்டயும் ரெண்டு வார்த்த பேசுல" என்று கெஞ்சியிருக்கிறார். இவன், "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றானாம். அடுப்பைத்தான் சொல்லியிருக்கிறான்.

இனி, நீ போனை வைக்கிற இடத்துக்கு வருகிறேன்.

உன் வேலையைப் பற்றி நீ சொன்னதை நான் டீக்கடையில் ஒரு வருஷமாகப் பிரசங்கம் செய்து வருகிறேன். சினை எலிக்கு ஒரு ஊசி போடுவீர்கள். அதில் கிருமியே கிடையாது; கிருமி வந்துவிட்டது என்று உடம்பை ஏமாற்றுகிற மருந்து. உடம்பு உடனே படை திரட்டும். அந்தப் படையின் கூச்சல் வயிற்றுக் குட்டியின் மூளை வரைக்கும் போகும். குட்டி வளர்ந்ததும் மற்ற எலிகளோடு சேராமல் ஒதுங்கும். கோலிக்குண்டுகளை வைத்தால் ஓயாமல் கூண்டில் பரப்பிய மரத்தூளுக்குள் புதைக்கும். "சங்கரலிங்கம் மருமவ சீமையில எலியோட கோலி விளையாடுதாளாம்" என்று ஊரே உன்னைப் பற்றித்தான் பேசுகிறது.

நீ ஏன் உலகத்தில் உள்ள அத்தனை படிப்பையும் விட்டுவிட்டு இதைப் பிடித்தாய் என்பது ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டாய். "அந்த அம்மைய நான்தானே மாமா பள்ளிக்கூடத்துலேருந்து கொண்டாந்தேன்" என்று. அப்போது உனக்கு ஒன்பது வயது. உனக்குப் போட்ட அம்மை ஐந்து மாதக் கர்ப்பிணியான உன் அம்மாவுக்கும் தொற்றியது. வயிற்றில் இசக்கித்துரை.

மருமகளே, ஊசி போட்ட தாய் எலிகள் பலவற்றின் குட்டிகளுக்கு ஒன்றுமே ஆவதில்லை, ஏன் என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறோம் என்று நீயேதானே சொன்னாய்? கர்ப்பத்தில் காய்ச்சல் கண்ட அம்மாக்களின் பிள்ளைகள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலத்தான் வளர்கிறார்கள், ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னாய். எலி விஷயத்தில் இத்தனை நிதானமாக இருக்கிறவள், ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியை மட்டும் விசாரணையே இல்லாமல் ஆயுள் தண்டனையில் வைத்திருக்கிறாயே! உனக்கு அம்மையைக் கொடுத்த பிள்ளை யார்? அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது யார்? ஜெபசிங் அண்ணாச்சியிடம் கேட்டால் கேஸ் ஏதேன் தோட்டத்தில் போய்தான் நிற்கும்.

குற்றவாளி வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தால் ஒருவனைத் தருகிறேன். அந்த நாட்களில் வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, வேற்றாள் உள்ளே வரக்கூடாது என்று காவல் நின்றது நான். உன் அம்மாவுக்கு ஐந்து நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. நர்ஸ் பிரேமலதா அம்மா சைக்கிளில் வந்து, "மாசமா இருக்கவளுக்கு இது ஆபத்து, காய்ச்சலையாவது எறக்கணும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று மன்றாடினார். "அம்மன் வந்து எறங்கியிருக்கா. மாத்திரையக் காட்டி அவளக் கோவப்படுத்தாதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிய மாவீரன் இதை எழுதுகிறவன்தான். பத்தொன்பது வருஷமாக வாய் ஓயாமல் பேசுகிற நான் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரை கொடுத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. நீ ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் வராததற்கு உன் அம்மா வேறு அர்த்தம் வைத்திருக்கிறாள். இப்படி ஒரு தம்பி இருப்பது உனக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "அவ பெரிய எடத்துல இருக்கா, என்ன செய்வா பாவம்" என்று உனக்காக அவளே பேசுகிறாள். அதைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை இசக்கித்துரை வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, என் எதிரே நின்றான். "அக்கா ரயில்ல வந்தா சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல எறங்கணும். அங்கேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கணும். அவளுக்கு வழி தெரியாது. நான் போய்க் கூட்டிட்டு வருதேன்" என்றான். நீ பதினேழு வயது வரைக்கும் சைக்கிளில் சுற்றிய ஊர் அது. ஆனாலும், அவளுக்கு வழி தெரியாதுதான் என்று நானும் சொல்லிவிட்டேன்.

சங்கரன்கோவில் கோமதியம்மாள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் ஆராய்ச்சி பூமி உருண்டை முழுக்கப் பேசப்படட்டும். எந்த ரயில், எந்தத் தேதி என்று மட்டும் எழுது. அவனுக்கு நேரம் சரியாகத் தெரிய வேண்டும். நான் அன்றைக்கு வீட்டை விட்டு நகர மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் நீங்களாகவே வந்து சேருங்கள்.

உன் மாமன்,
சங்கரலிங்கம்