கப்பலுக்கு வந்த வால்ரஸ் குட்டி

டேவிஸ் நீரிணை, ஜூலை 1884

அன்புள்ள ஓஸ்லா,

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் நினைப்பெல்லாம்.

போன வாரம் திமிங்கிலம் எதுவும் கிடைக்காமல் ஒரு பெண் வால்ரஸை வேட்டையாடினோம். அதன் தந்தம் படகுப் பலகையைப் பிளந்ததில் நான் கொஞ்சம் நனைந்தேன், வேறொன்றுமில்லை. தாய் செத்த பிறகும் குட்டி எங்கள் படகை விட்டுப் போகவில்லை. மிருகக்காட்சி சாலைக்காரர்களிடம் விற்கலாம் என்று கேப்டன் அதை உயிரோடு கப்பலில் ஏற்றினார். அதுவோ எதையும் தின்னாமல் கத்திக்கொண்டே கிடந்தது.

“இது பொழைக்காதுடா கிடியன், விட்டுத் தள்ளு,” என்றான் சமையல்காரன் லாரி.

எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் போய்ப் படுத்தேன். குட்டி என் கம்பளிச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தலை நிறுத்தியது. பன்றிக் கொழுப்பை மென்று ஊட்டினேன், விழுங்கிவிட்டது. இப்போது நான் எங்கே போனாலும் பின்னாலேயே தவழ்ந்து வருகிறது.

“ஊர்ல உம் புள்ள பொறந்திருக்கும். நீ இங்க இதத் தாலாட்டிக்கிட்டு இரு,” என்று லாரி சிரிக்கிறான்.

திரும்பும் வழியில் எங்கள் கப்பல் நிற்கும் லெர்விக் துறைமுகத்துக்கு இரண்டு ஜோடி காலுறை அனுப்பி வை. அதோடு, மகனா மகளா என்று ஒரு வரி போதும்.

ஊர் திரும்பும் கப்பல் பாய் விரித்துவிட்டது, கடிதத்தைக் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். பெயர் மட்டும் வைத்துவிடாதே, நான் வந்துவிடுகிறேன்.

உன் கிடியன்