டிலானியின் குளிசையும் உன் வாக்கும்

என் உயிரான றோசக்கா,

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. சேமக்காலையில் உன் கல்லறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஆனால் நான் எழுதுவது அதற்கல்ல. எனக்கு உன்மேல் பொறாமை. அப்படியே வைத்துக்கொள்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என் மகள் டிலானி உன் சொல்லைக் கேட்டுத்தான் கருத்தடைக் குளிசை விழுங்கத் தொடங்கினாள். தவக்காலத்தில் இரத்தம் சோதித்தால், ட்ரைகிளிசரைட்டு என்ற கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. குளிசையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் சிலருக்கு அதைக் கூட்டும் என்று பேப்பரின் மருத்துவப் பக்கத்தில் வாசித்திருந்தேன். சொன்னேன்.

"பெரியம்மா வருசக்கணக்காப் போட்டவ. அவவுக்கு என்ன நடந்தது? சும்மா பயப்படுத்தாதேங்கோம்மா."

"பெரியம்மாவின்ரை ரத்தத்தை ஆரடி சோதிச்சுப் பாத்தது?"

உண்மையாகவே அக்கா, உன் இரத்தத்தில் என்ன ஓடியது? கேட்டால் சிரித்துக்கொண்டு இன்னொரு பொரித்த மீனை எடுத்திருப்பாய். பெற்றவள் நான், அவளுக்கு வேதவாக்கு உன்னுடையது. செத்த பிறகும் என்னை வெல்ல வேண்டுமா?

நான் விடவில்லை. பேசாலையிலிருந்து பஸ்ஸில் மன்னார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி.

"கனபேருக்கு இதால பிரச்சினை இல்லையம்மா. ஆனா இவவுக்குக் கொழுப்பு மிச்சம் கூட. இப்பிடியே விட்டாக் கணையம் பழுதாகலாம். வேற முறைக்கு மாறுவம்."

எல்லாப் பெண்களுக்கும் அது நஞ்சுதான் என்றேன். டொக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கருப்பைக்குள் ஹோர்மோன் இல்லாத லூப் வைத்தார்கள். பொரியலையும் குறைத்தாள். இந்தக் கிழமைச் சோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கிவிட்டது.

அதை முதலில் யாரிடம் சொன்னாள் தெரியுமா? நேரே சேமக்காலைக்குப் போய் உனக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள்! பிறகு வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்கிறாள்: "பெரியம்மாதான் மன்றாடிக் காப்பாத்தினவ."

அப்போது பஸ்ஸில் நின்றபடி வந்தது யார், அக்கா? அவளிடம் ஏச்சு வாங்கியது யார்?

மறுபடி சோதனை இருக்கிறது. அன்றைக்கு அவள் வெறும் வயிற்றில் போவாள். நானும் தேத்தண்ணி குடிக்காமல் கூடப் போவேன். இது வாக்கு. நல்ல முடிவு வந்தால் மெழுகுதிரியோடு உன்னிடம் முதலில் வருவது நான்தான். அவள் வாய் திறக்கும் முன்பே என் பக்கத்தை முழுதாகச் சொல்லிவிடுவேன். கேட்காமல் எழும்பிப் போக உன்னால் முடியாது.

விட்டுக்கொடுக்காத உன் ஒரே தங்கை,
திரேசம்மா