பெருக்காமல் விட்ட பூக்கள்

சித்திரை 3, செவ்வாய். இரவு.

கடற்கரைச் சாலையில் கொன்றைகள் நன்றாகப் பூத்துவிட்டன. மாலையில் போட்டோ எடுக்க வருகிறவர்களின் நெரிசல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் ஒரு வாரமாகக் காலை ஐந்தே முக்காலுக்கே போய் வருகிறேன்.

இன்று போனபோது தெருப் பெருக்கும் செல்வி மரத்தடிக்கு வந்துவிட்டாள். தரை முழுக்க மஞ்சள் பூ. பத்து நிமிடம் அப்படியே விட்டுவைக்க முடியுமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"குப்பையப் போயி இப்படிப் பாக்கியளே அண்ணாச்சி!" என்று சிரித்துவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய சூப்பர்வைசர் பைக்கில் வந்தார்.

"ஏளா, நின்னு கதையா அடிக்க? எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு. இன்னைக்கு உனக்கு ஆப்சென்ட்தான்."

"வரதுக்கு லேட்டாயிட்டு சார்," என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் போதும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொடுத்தவன், மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள்.

வெட்கமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். அதுவும் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது ஒன்றுதான்: நாளையிலிருந்து உப்பளத்துப் பாதையில் இருக்கும் கொன்றைக்குப் போய்விடலாம். அங்கே பெருக்க ஆள் வருவதில்லை.